சும்மனாச்சுக்கும்: ஒரு குழந்தையின் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

1

சென்ற கோடையில் ஒரு நாள் என் மகளை அடித்தேன். அப்போது அவளுக்கு நாலரை வயது. எங்கள் பகுதியில் குடிதண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வந்துகொண்டிருந்தது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, தெருக்குழாயில் வரிசையில் நின்று, என் துணைவி பிடித்து வைத்திருந்த ஒரு குடம் தண்ணீர் முற்றத்தில் கொட்டிக் கிடந்தது.

"யாரு ஊத்துனது?"

"கோமுதாம்ப்பா. அவளுக்குப் புழுக்கமா இருந்துச்சாம். குளிச்சிட்டா."

கோமு யார் என்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் குடியிருப்பவள். கண்ணுக்குத் தெரியமாட்டாள். சில நாள் கைக்குழந்தை, சில நாள் மூன்று பிள்ளைகளுக்கு அம்மா. கத்தரிக்காய் ஆகாது. மிக்ஸி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். எங்கள் இருவர் குடும்பத்திலும் அந்தப் பெயரில் யாரும் இல்லை. எங்கிருந்து வந்தாள் என்று கேட்டால், "அவ இங்கதான் இருந்தா, நாமதான் பின்னாடி வந்தோம்" என்பாள் மகள். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு இந்தப் பதில் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும்.

"பொய் சொல்லாத" என்று அடித்தேன். அவள் அழுதாள். வலியைவிட, நான் புரிந்துகொள்ளவில்லை என்பதற்காகத்தான் அழுதாள் என்று இப்போது தோன்றுகிறது. விசும்பலுக்கு நடுவே அவள் சொன்னது இது: "பொய் இல்லப்பா... சும்மனாச்சுக்கும்."

துணைவி துடைப்பத்தோடு வந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "தண்ணி போச்சேன்னு எனக்கு வயிறு எரியுது. நீங்க என்னத்துக்குப் பொய்யி மெய்யின்னு புள்ளயப் போட்டு அடிக்கீங்க?" தண்ணீரைச் சுமந்தவள் தண்ணீருக்காகக் கவலைப்பட்டாள். சுமக்காத நான் உண்மைக்காகக் கவலைப்பட்டேன். வீட்டுக்குள் 'உண்மை' என்ற சொல் யார் கையில் இருக்கிறது, எந்த வேலையைச் செய்யாதவர்களுக்கு அதைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கிறது என்பதெல்லாம் அந்த ஈரத் தரையில் நிற்கும்போதுதான் உறைத்தது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது. குழந்தையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே நமக்கு 'மழலை', 'கள்ளமின்மை', 'தெய்வம்' என்று ஒரு சொற்கூட்டம் வந்து வரிசை கட்டிவிடுகிறது. குழந்தையைக் கேட்காமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த மரியாதையான வழி இது என்பது என் எண்ணம். தெய்வத்தோடு யாரும் வாதம் செய்வதில்லை.

2

பெரியவர்களின் மொழியில் மெய், பொய் என்ற இருமை எதிர்வு கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. குழந்தை மொழியில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: சும்மனாச்சுக்கும். சில ஊர்களில் 'வெளாட்டுக்கு' என்பார்கள், சில ஊர்களில் வெறும் 'சும்மா'. இது மெய்யும் அல்ல, பொய்யும் அல்ல. இரண்டையும் கலந்த கலவையும் அல்ல. வேறு ஒரு தளம்.

பொய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை என் மகளிடமே பார்த்தேன். ஒரு நாள் சீனி டப்பாவைத் திறந்து தின்றுவிட்டு, "திங்கல" என்றாள். அது பொய். அப்போது அவள் கோமுவை அழைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், உதட்டைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்பவருக்குக் கேட்பவர் தெரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும். விளையாடுபவருக்கோ கேட்பவரும் தெரிந்துகொண்டு உள்ளே வர வேண்டும். பொய் கதவைச் சாத்துகிறது. விளையாட்டு, 'வாங்கப்பா' என்று கூப்பிடுகிறது. கோமு குளித்த கதையில் தப்பித்துக்கொள்ளும் நோக்கம் துளியும் இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை, கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் அவள் எனக்குக் கொடுத்தது ஒரு கதை. நான் அதை வாக்குமூலமாக வாங்கிக்கொண்டேன். அந்தப் பிழை என்னுடையது.

கிரிகரி பேட்சன் என்ற மானுடவியலாளர் 1952இல் சான் பிரான்சிஸ்கோ மிருகக்காட்சி சாலை ஒன்றில் குட்டிக் குரங்குகள் சண்டைபோட்டு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கும் அது சண்டை இல்லை என்று தெரிகிறது, குரங்குகளுக்கும் தெரிகிறது. அப்படியானால் 'இது விளையாட்டு' என்ற ஒரு செய்தி, பேச்சே இல்லாத அந்த விலங்குகளுக்கிடையிலும் போய்வந்துகொண்டிருக்க வேண்டும். 1955இல் வெளியான கட்டுரையில் இதை அவர் ஒரு சட்டகமாக விளக்கினார். செல்லக் கடி கடியைக் குறிக்கிறது, ஆனால் கடி எதைக் குறிக்குமோ அதைக் குறிக்கவில்லை. என் மகளின் 'சும்மனாச்சுக்கும்' இந்தச் சட்டகத்துக்குத் தமிழ்ப் பெயர். அது வாக்கியத்துக்குள் இருக்கும் சொல் அல்ல. வாக்கியத்தைச் சுற்றிப் போட்ட கோடு.

கோமு போன்ற துணைகள் ஏதோ தனிமையின் நோய்க்குறி என்று பயப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. பள்ளியில் ஓர் ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் இது குறித்து நெடுநாள் ஆய்வு செய்தவர், 1999இல் ஒரு நூலும் எழுதினார். அவரும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பார்த்த குழந்தைகளில் ஏழு வயதுக்குள் இப்படி ஒரு துணையை ஏதோ ஒரு காலத்தில் வைத்திருந்தவர்கள் 65 சதவீதம். (பொம்மைக்கு உயிர் கொடுத்து வைத்திருந்ததும் இந்தக் கணக்கில் சேரும்.) எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: கேள்வி கேட்க வந்த பெரியவர்கள் ரொம்பவும் முகத்தை இறுக்கிக்கொண்டு குறிப்பெடுப்பதைப் பார்த்து, 'இது சும்மாதான், தெரியும்ல?' என்று சில குழந்தைகளே அவர்களுக்கு நினைவூட்டியிருக்கிறார்கள். குழப்பம் யாருக்கு என்பது வெளிப்படை.

நமக்கு இது புதிதும் அல்ல. எம்.ஏ. தமிழ் படித்தவர்கள் தொல்காப்பிய அகத்திணையியலில் உலகியல் வழக்கு, நாடக வழக்கு, இவ்விரண்டும் கூடிய புலனெறி வழக்கம் என்று மனப்பாடம் செய்திருப்போம். கேள்வித்தாளுக்கு விடை எழுதினோமே தவிர, நாடக வழக்கு பொய் அல்ல என்று இலக்கணம் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்திருப்பதன் விரிவை நாம் யோசிக்கவில்லை. ஐந்து திணைக்கும் இடம் கொடுத்த எனக்கு, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒருத்திக்கு இடம் கொடுக்க மனம் வரவில்லை.

3

நம் இலக்கியத்தில் குழந்தை கட்டும் கற்பனை வீட்டுக்குப் பெயர் உண்டு: சிற்றில். பெண் குழந்தைகள் மணலில் கோடு கிழித்து, அறை பிரித்து, மணலையே சோறாக ஆக்கிப் பரிமாறும் வீடு. ஆனால் அந்த வீடு நம் பாடல்களுக்குள் பெரும்பாலும் வருவது சிதைக்கப்படும் நேரத்தில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

குறிஞ்சிக்கலியில், கபிலர் பெயரில் உள்ள புகழ்பெற்ற பாட்டில், தலைவி தோழியிடம் நினைவுகூர்கிறாள். சின்ன வயதில் நம் மணல் வீட்டைக் காலால் சிதைத்தானே, பூவைப் பறித்தானே, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினானே, அந்தப் பயல் ஒரு நாள் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்தான், கொடுக்கப் போன என் கையைப் பற்றினான், நான் அலறினேன், தாய் ஓடிவந்தபோது, குடித்த தண்ணீர் விக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் இதன் நாடகப் பாங்கை நாங்கள் வியந்தோம். நானும் ஐந்து பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கினேன். சிற்றிலைச் சிதைத்தது காதலின் முதல் அடியாக ஆகிவிடுகிறது, அவனைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய் காதலின் இரண்டாம் அடியாக ஆகிவிடுகிறது. அந்த மணல் வீட்டுக்குள் யார் யார் இருந்தார்கள், அன்றைக்கு என்ன சமையல் என்று பாட்டும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிறகு ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று கடைசி மூன்று பருவங்கள். சிற்றில் பருவம் என்றால் ஆண் குழந்தை வீடு கட்டும் பருவம் அல்ல. சிறுமிகள் கட்டியதை அவன் சிதைக்க வரும் பருவம், 'சிதைக்காதே' என்று அவர்கள் கெஞ்சும் பருவம். சிதைத்தலே அவன் விளையாட்டாகக் கொண்டாடப்படுகிறது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் இரண்டாம் பத்து முழுக்க இந்தக் கெஞ்சல்தான். ஆனால் அங்கே பேசுவது கட்டியவளின் வாய். குனிந்து குனிந்து இழைத்த முதுகின் வலி அங்கே கொஞ்சம் கேட்கிறது.

இதை எழுதும்போது ஒன்று தெளிவாகிறது. நான் அன்று அடித்தது 'பொய்' சொன்னதற்கான தண்டனை அல்ல. மரபு எனக்குக் கொடுத்து வைத்திருந்த பாத்திரத்தைத்தான் ஏற்று நடித்தேன். காலால் சிதைக்காமல் கையால் சிதைத்தேன், அவ்வளவுதான்.

4

சரி, குழந்தையின் கற்பனையைக் கண்டிக்கும் நாம் கற்பனை செய்வதில்லையா? இரவில் சோறு ஊட்டும்போது எங்கள் தெருவில் காது கொடுத்துப் பாருங்கள். "பூச்சாண்டி வாரான்." "போலீஸ் புடிச்சிட்டுப் போயிருவான்." "டாக்டர் ஊசி போட்டுருவாரு." "பிள்ளை பிடிக்கிறவன் சாக்குல போட்டுக் கொண்டுபோயிருவான்." நானும் சொல்லியிருக்கிறேன். எல்லாமே கதையாடல்கள்தான். ஆனால் இவற்றைச் சொல்லும்போது நாம் 'சும்மனாச்சுக்கும்' என்று சொல்வதில்லை. சொன்னால் குழந்தை வாயைத் திறக்காது, சோறு உள்ளே போகாது. அதாவது, சட்டகத்தை உருவிவிட்டுக் கதையை மட்டும் கொடுக்கிறோம். மேலே சொன்ன வரையறைப்படி இதற்குப் பெயர் பொய். நாலரை வயதுக் குழந்தை தன் கதையைக் கோடு போட்டுக் காட்டுகிறது. முப்பத்தாறு வயது அப்பா கோட்டை அழித்துவிட்டுக் கொடுக்கிறான். பிறகு அவனே குழந்தையைப் பார்த்து 'பொய் சொல்லாத' என்கிறான்.

இது வீட்டோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டதாக வாட்சப்பில் வதந்தி பரவியது. அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், சென்னையிலிருந்து கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. அடித்தவர்கள் எல்லோரும் சின்ன வயதில் சாக்குக்காரன் கதை கேட்டுச் சோறு தின்றவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு யாரும் பிறகு உட்கார வைத்து, அது சும்மனாச்சுக்கும் சொன்னது என்று சொல்லவில்லை. இதை மட்டுமே காரணமாகக் காட்டி முடித்துவிட முடியாதுதான். ஆனால் சட்டகம் கழன்ற கதைக்குக் கொலை செய்யும் வலு உண்டு என்பதை மறுக்க முடியாது.

எனவே கற்பனை வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வி அல்ல. எந்தக் கற்பனை தன்னைக் கற்பனை என்று அறிவித்துக்கொள்கிறது, எது அறிவிக்க மறுக்கிறது, அப்படி மறுப்பதால் யாருக்கு லாபம் என்பதுதான் அரசியல் கேள்வி.

5

இதோடு முடித்திருந்தால் குழந்தை வென்றது, அப்பா திருந்தினான் என்று ஆகியிருக்கும். அப்படி நடக்கவில்லை.

லெவ் வைகாட்ஸ்கி 1933இல் லெனின்கிராடில் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரை ஒன்று உண்டு. அவர் இறந்து முப்பதாண்டுக்கு மேல் ஆனபிறகு, 1966இல்தான் ரஷ்ய மொழியில் அச்சானது. விதியில்லாத கற்பனை விளையாட்டு என்று ஒன்று கிடையாது என்பது அவர் வாதம். அதற்கு அவர் எடுத்துக்காட்டும் உதாரணம்: ஐந்து வயதும் ஏழு வயதுமான உடன்பிறந்த சகோதரிகள் இருவர், 'நாம் அக்கா தங்கச்சி விளையாட்டு விளையாடுவோமா' என்று விளையாடுகிறார்கள். நிஜத்தில் இருப்பதையேதான் விளையாடுகிறார்கள். ஆனால் நிஜத்தில் கவனிக்கப்படாமல் கிடக்கும் அக்கா தங்கை முறைமை, விளையாட்டில் விதியாக வெளியே வந்து நிற்கிறது. ஒரே மாதிரி உடை, கைகோத்து நடப்பது, மற்றவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டுவது எல்லாம்.

மே மாத விடுமுறையில் பத்து நாள் என் அம்மா இருக்கும் ஊரில் இருந்துவிட்டு வந்தோம். தாமிரபரணிக் கரையில் சின்ன ஊர். எங்களுடையது நிலம் வைத்திருக்கும் இடைநிலைச் சாதி. திரும்பி வந்த வாரத்தில் ஒரு மாலை, எங்கள் காம்பவுண்டுப் பிள்ளைகள் நாலு பேர் மாடிப்படிக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மகள் புடவைத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆச்சியாக இருந்தாள். வீட்டுக்குள் இருந்த இருவருக்குச் சொப்பு டம்ளரில் காப்பி. வெளியே நின்ற ஏழு வயதுப் பையனுக்குப் பல்பொடி டப்பா மூடி.

"ஏல, அங்கனயே நில்லு. குடிச்சிட்டுக் கழுவி வச்சிட்டுப் போ."

கை படாமல், உயரத் தூக்கி ஊற்றினாள்.

எனக்கு உடம்பு கூசியது. இறங்கிப் போனேன். "என்ன வெளாட்டு இது?"

"ஆச்சி வீட்டு வெளாட்டுப்பா."

"இப்படியெல்லாம் வெளாடக் கூடாது."

"ஏம்ப்பா? சும்மனாச்சுக்கும்தான?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகச் சொன்னாள்: "அடுத்தது என் முறை. நாந்தான் வேலையாளு."

சொன்னபடியே முறை மாறியது. அந்தப் பையன் ஆச்சியானான். என் மகள் வெளியே போய், முதுகைக் கொஞ்சம் வளைத்து, பார்வையைத் தாழ்த்தி, இரண்டு கையையும் குவித்து மூடியை நீட்டினாள். யாரும் சொல்லித்தரவில்லை. பத்து நாளில் உடம்பு படித்திருக்கிறது.

அம்மா வீட்டில் தொழுவச் சுவர் மேல் ஒரு நெளிந்த டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். எங்கள் வயலில் நாற்பது வருடமாக வேலை செய்கிறவருக்கு அதில்தான் காப்பி. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனவர். தலை முழுக்க நரைத்த அவரை என் அம்மா 'ஏல' என்றுதான் கூப்பிடுகிறாள். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு 1950 முதல் நடப்பில் இருக்கிறது, 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்துவிட்டது. இரட்டைக் குவளையைக் கண்டித்து இப்படியான பக்கங்களில் எழுதியவன் நான். அந்தப் பத்து நாளும் திண்ணையில் உட்கார்ந்து, உள் டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டு, புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். என் மகள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரில் யார் நல்ல வாசகர் என்று சொல்ல வேண்டியதில்லை.

கள்ளமின்மை பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். குழந்தையின் கற்பனை எங்கோ ஆகாயத்திலிருந்து இறங்குவது அல்ல. அது நம் வீட்டின் மீதான வாசிப்பு. கோமுவுக்குப் புழுக்கம் என்றால் அது எங்கள் ஒன்றரை அறையின் புழுக்கம். பல்பொடி டப்பா மூடி என்றால் அது என் அம்மாவின் தொழுவச் சுவர். விளையாட்டைத் தடுப்பதால் சுவரில் உள்ள டம்ளர் நகராது. கண்ணாடியை உடைப்பதாகத்தான் ஆகும்.

ஆனால் அந்த வாசிப்பு மூலப் பிரதியை அப்படியே திருப்பிச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறாள். ஒன்று, 'இது சும்மனாச்சுக்கும்' என்று கோடு போட்டிருக்கிறாள். இரண்டு, முறை வைத்திருக்கிறாள். சாதியும் ஒரு புனைவுதான், மனிதர்கள் கட்டியதுதான் என்று நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். ஆனால் அந்தப் புனைவு ஒருபோதும் தன்னைப் புனைவென்று அறிவிக்காது. அதில் 'அடுத்தது என் முறை' என்று யாரும் சொல்ல முடியாது. படிக்கட்டுக்கு அடியில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்த மாற்றம் எங்கள் ஊரில் நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட நடக்கவில்லை.

ஆவணியில் மறுபடி ஊருக்குப் போனபோது, நானே காப்பியை வீட்டு டம்ளரில் ஊற்றி அவரிடம் கொண்டுபோனேன். "வேண்டாம் சின்னய்யா. அதுலயே ஊத்துங்க. நீங்க நாளைக்குப் போயிருவீங்க" என்றார். அதில் கோபம் இல்லை, கணக்கு இருந்தது. அவர் அங்கேதான் இருந்தாக வேண்டும். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் என் மன ஆறுதலுக்காக அவரை ஒரு பாத்திரம் நடிக்கச் சொன்னதாக ஆகியிருக்கும். அம்மாவிடம் பேசினேன், சண்டையில் முடிந்தது. நெளிந்த டம்ளரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் அம்மா காகிதக் குவளை ஒரு கட்டு வாங்கி வைத்துவிட்டதாக அக்கா போனில் சொன்னாள். அந்த வேலை முடியவில்லை, இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் மகள் கேட்டாள்: "அந்தத் தாத்தா முறை எப்பப்பா வரும்?"

நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பி ஏதோ குசுகுசுத்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கோமுகிட்ட கேட்டேன். அவளுக்கும் தெரியலயாம்."